முதியோருடன் நெடுந்தூரக் கார்ப் பயணம்: எதை எடுத்துச் செல்வது, எங்கே வைப்பது?

குலதெய்வக் கோயில் வழிபாடு, பேரக்குழந்தையின் காதணி விழா, உறவினர் வீட்டுத் திருமணம், கோடை விடுமுறை எனக் குடும்பத்தோடு காரிலோ வேனிலோ புறப்படும் பயணங்களில் வீட்டின் மூத்தவர்களும் உடன் வருகின்றனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் போன்றவை இருப்பதாலேயே ஒருவர் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் இருந்து, முன்னேற்பாடும் சரியாக அமைந்தால் 70, 80 வயதினரும் நலமாகச் சென்று வரலாம்.

பயணத்தில் முதியோரின் உடல்நலம் கெடுவதற்குப் பெரும்பாலும் எளிய காரணங்களே இருக்கின்றன. வேளை தவறிய மாத்திரை, குடிக்காத தண்ணீர், தாமதமான உணவு, பல மணி நேரம் மடக்கியே வைத்திருந்த கால்கள், பழக்கமில்லாத குளியலறை ஆகியவையே அவை. இவற்றுள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தயக்கம் இருக்கிறது. தமக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல முதியோர் பலருக்கு மனம் வருவதில்லை. சிறுநீர் கழிக்க இறங்க நேரிடும் என்று எண்ணித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கின்றனர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை அன்று மட்டும் விட்டுவிடுகின்றனர். மாத்திரைப் பை பின்புறத்தில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தால், ஊர் போய்ச் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகின்றனர். பயணம் முடிந்து தலைச்சுற்றலுடனோ மூச்சுத் திணறலுடனோ மருத்துவமனைக்கு வருபவர்களிடம் விசாரிக்கும்போது, இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

ஆகவே, பொருள்களை எடுத்துவைக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை இது: முதியவர் எதையும் கேட்டுப் பெற வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தேவையானவை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வண்டி நிற்கும் நேரங்கள் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

புறப்படும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

நாட்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்ளும் முதியோர் அனைவரும், பயணத்திற்கு ஓரிரு வாரங்களுக்கு முன் தமக்கு வழக்கமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ அணுகி இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. கீழ்க்காணும் நிலையில் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டாம்:

• அண்மையில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் ஏற்பட்டவர்கள்
• அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கண்புரை அறுவைச் சிகிச்சையும் இதில் அடங்கும்
• நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மூச்சு வாங்குபவர்கள், கால் வீக்கம் புதிதாக அதிகரித்தவர்கள்
• காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நெஞ்சு வலி உள்ளவர்கள்
• டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் உதவியுடன் இருப்பவர்கள்

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். பயண நாளில் எந்த மருந்தின் நேரத்தையேனும் மாற்றலாமா? நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? எந்த அறிகுறி தோன்றினால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்? பதில்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், பயண நாள்களுக்கு இருப்பு போதுமா என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். போதாது எனில், உங்கள் பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே தெரிவியுங்கள்.

கைப்பை: முதியவரின் இருக்கைக்கு அருகில்

ஒவ்வொரு முதியவருக்கும் தனித்தனியாக ஒரு சிறு கைப்பை தேவை. இருவரின் மாத்திரைகளை ஒரே பையில் கலந்து வைக்க வேண்டாம். கணவரின் மாத்திரையை மனைவி மாற்றிப் போட்டுக்கொள்வது பயணக் குழப்பத்தில் எளிதில் நிகழக்கூடியது. பையின் மேல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இந்தப் பை எக்காரணம் கொண்டும் டிக்கிக்கோ வண்டியின் கூரைமேல் கட்டும் சுமையோடோ போகக் கூடாது. பூட்டி வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்ளே வெப்பம் விரைவாக ஏறும். மருந்துகள் வீரியம் இழக்கும். வண்டியை விட்டு அனைவரும் இறங்கும்போது பையும் உடன் இறங்க வேண்டும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை:

• பயண நாள்களுக்கான மருந்து. அதற்கு மேல் குறைந்தது 3 நாள்களுக்குக் கூடுதலாக. வண்டி பழுதாகலாம், மழையில் சாலை மூடப்படலாம், திரும்பும் நாள் தள்ளிப்போகலாம். கூடுதல் மருந்தை மட்டும் மற்றொருவர் பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மற்றது உதவும்.
• மாத்திரைகளை அவற்றின் அட்டையோடே எடுத்துச் செல்லுங்கள். உதிர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டால், அவசர நேரத்தில் எது எந்த மருந்து என்று மருத்துவராலும் சொல்ல இயலாது. அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி இருக்கும்படி வெட்டுங்கள். பயண நாளுக்குரிய மாத்திரைகளை மட்டும் காலை, மதியம், இரவு எனப் பிரித்த சிறு பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.
• மருந்துச் சீட்டு, அண்மைய பரிசோதனை முடிவுகள், இ.சி.ஜி. ஆகியவற்றின் நகல்கள். இவற்றின் படங்கள் குடும்பத்தினர் இருவரின் கைப்பேசியிலேனும் இருக்கட்டும்.
• ஆதார் அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதற்கான அட்டையையும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அது குறித்த குறிப்பையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.
• மூக்குக் கண்ணாடி, கூடவே பழைய கண்ணாடி ஒன்று. காது கேட்கும் கருவிக்கான பேட்டரி. பல்செட் வைக்கும் டப்பா.
• குடிநீர், சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி, சிறு துண்டு, வாந்தி வந்தால் பிடிக்கக் கெட்டியான உறைகள்.

இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அதைச் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்திருக்க வேண்டும். அதை வண்டியின் முன்புற மேடையில் வெயில் படும்படி வைத்தால் மிகுந்த வெப்பத்தில் வெடிக்கவும் கூடும். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டவர்கள், அது எங்கே இருக்கிறது என்பதை உடன் வரும் அனைவருக்கும் காட்டிவைக்க வேண்டும். அம்மாத்திரை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், உட்கார்ந்த நிலையிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஒருவேளை மாத்திரை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை மாத்திரைக்கான நேரம் நெருங்கியிருந்தால் மறந்ததை விட்டுவிட்டு, அடுத்ததை மட்டும் உட்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரு வேளை மருந்தைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.

இன்சுலினும் சர்க்கரைக் குறைவும்

பிரிக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ பெரும்பாலும் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ 4 வாரங்கள் வைத்துப் பயன்படுத்தலாம். மருந்துக்கு மருந்து இது மாறும் என்பதால் உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். கோடைகாலத்தில் நம் சாலைகளில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. எனவே வெப்பம் தாங்கும் பையிலோ வாயகன்ற பிளாஸ்கிலோ இன்சுலினை எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டியோடு நேரடியாகப் படும்படி வைக்க வேண்டாம். துணியில் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. அதை எறிந்துவிட வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைச் சாலையோரத்தில் வீசாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்துவையுங்கள்.

பயணத்தில் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. உணவுக்கு முன் போடும் இன்சுலினை, உணவு கைக்கு வந்த பின்னரே போட வேண்டும். இன்னும் அரை மணி நேரத்தில் உணவகம் வந்துவிடும் என்று நம்பி ஓடும் வண்டியில் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு போக்குவரத்து நெரிசலில் சிக்கினால், சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறைந்துவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சர்க்கரைக் குறைவின் அறிகுறிகள். முதியோர் சிலரிடம் வியர்வையும் நடுக்கமும் இல்லாமல் குழப்பமும் தூக்கக் கலக்கமும் மட்டும் தென்படலாம். பின் இருக்கையில் அமைதியாகச் சாய்ந்திருப்பவர் உறங்குவதாக எண்ணிவிட வேண்டாம். அவ்வப்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழ் இருந்தாலோ, பார்க்கும் கருவி இல்லாமல் ஐயம் மட்டும் எழுந்தாலோ, 15 கிராம் அளவுக்கு, அதாவது 3 தேக்கரண்டி, சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை எனில் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தெளிந்த பிறகு இட்லியோ ரொட்டியோ உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

முதுமையில் தாக உணர்வு குறைகிறது. உடலில் நீர் குறைந்த பின்னும் தாகம் தெரியாமல் இருக்கலாம். இதனோடு, வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்ப்பதும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம். கழிப்பறைக்கு வழி செய்யாமல் தண்ணீர் குடிக்கும்படி முதியவரிடம் சொல்வதால் மட்டும் பயன் இல்லை. வழி செய்தால் அவரே குடிப்பார்.

• ஒன்றரை மணி முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது என்று புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். நிறுத்த வேண்டுமா என்று முதியவரிடம் கேட்காதீர்கள். வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார். நேரம் வந்ததும் நிறுத்துங்கள், எல்லோரும் இறங்குங்கள். எல்லோருக்குமான ஓய்வாக அது அமைந்தால் அவருக்குக் கூச்சம் இராது.
• சுங்கச் சாவடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் பெரிய உணவகங்களிலும் கழிப்பறைகள் உள்ளன. முழங்கால் வலி உள்ளவர்களால் குந்தி உட்கார இயலாது. மேல்நாட்டு முறைக் கழிப்பறை உள்ள இடமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். மடக்கிவைக்கக்கூடிய கம்மோடு நாற்காலி இருந்தால் எடுத்துச் செல்லலாம்.
• கைகழுவும் சோப்பு, கழிப்பறைக் காகிதம், சிறு குவளை, மாற்று உடை ஒரு தொகுதி, ஈர உடையைப் போடப் பை ஆகியவற்றை டிக்கியில் வைக்காமல் வண்டிக்குள்ளேயே வையுங்கள்.
• சிறுநீரை அடக்க இயலாதவர்களுக்கு முதியோருக்கான டயப்பரோ, ஆண்களுக்குச் சிறுநீர் பிடிக்கும் குடுவையோ உதவும். பிள்ளைகள் முன்னிலையில் பேசாமல், தனியே எடுத்துக் கொடுங்கள். டயப்பரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள்.
• சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்குச் சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். இருக்கையின் மேல் வைக்கக் கூடாது. பை நிறையும் முன்பே காலி செய்யுங்கள்.

நீர்க் கட்டுப்பாடு விதிக்கப்படாதவர்கள் மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை சிறுகச் சிறுகக் குடிக்கலாம். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவ்வளவையும் ஒரு புட்டியில் அளந்து ஊற்றி வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் உண்டாகலாம். அதனை உட்கொள்ளும் நேரத்தைச் சில மணி நேரம் தள்ளிவைக்க இயலுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அரைப் பொட்டலத்தைக் கண் மதிப்பில் கரைக்கக் கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இதை வழக்கமான பானமாகக் குடிக்க வேண்டாம். இதில் உப்பு உள்ளது.

உணவு

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நம் பயணங்களுக்கு நீண்ட நாளாகவே துணை. எளிதில் செரிக்கும், ஓடும் வண்டியிலும் உண்ணலாம். தேங்காய்ச் சட்னி வெயிலில் விரைவில் கெட்டுவிடும் என்பதால் தவிர்க்கவும். தயிர்சோறு கட்டினால் அன்று முற்பகலிலேயே உண்டு முடியுங்கள். வழியில் வாங்கி உண்பதாயின் சூடாக அப்போதே சமைத்த உணவை உண்ணுங்கள். வெட்டிவைத்த பழங்களையும், எந்த நீரில் செய்தது என்று தெரியாத பனிக்கட்டி கலந்த பானங்களையும் தவிருங்கள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உகந்தவை அல்ல.

கோயிலில் தரிசனம் முடியும் வரை உண்பதில்லை என்ற வழக்கம் உள்ள குடும்பங்களில், நீரிழிவு உள்ள முதியவரை அவ்வழக்கத்திலிருந்து விடுவியுங்கள். அவர் தாமாக உண்ணத் தயங்குவார். வீட்டினர்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் நண்பகலில் கோயில் பிரகாரக் கற்களில் வெறுங்காலுடன் நடந்தால், சூடு தெரியாமலேயே உள்ளங்கால் வெந்து கொப்புளமாகி ஆறாத புண்ணாக மாறலாம். கெட்டியான பருத்திக் காலுறை ஒரு சோடி எடுத்துச் செல்லுங்கள். இயன்றவரை காலையிலோ மாலையிலோ தரிசனம் செய்யுங்கள். இரவு உறங்கும் முன் உள்ளங்கால்களைப் பார்த்துவிடுங்கள்.

இருக்கையும் கால்களும்

ஏறி இறங்க எளிதான, கதவோரமான நடு வரிசை இருக்கையை முதியவருக்கு ஒதுக்குங்கள். வேனின் கடைசி வரிசை குலுக்கல் மிகுந்தது. முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு ஏற்றதன்று. உயரமான வண்டியாயின் ஏறுவதற்குச் சறுக்காத சிறு முக்காலி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பின் இருக்கையில் அமர்பவரும் இருக்கைப் பட்டை அணிவது சட்டப்படி கட்டாயம். பட்டை தோளின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் படிய வேண்டும். வயிற்றின் மேலோ கழுத்தின் மேலோ செல்லக் கூடாது. முதுகுக்குத் தலையணை வைக்கலாம்; பட்டைக்கும் உடலுக்கும் இடையே வைக்கக் கூடாது. காலடியில் பைகளை அடுக்கினால் கால் நீட்ட இடமிராது. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு இவ்வாறு இரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, உட்கார்ந்தபடியே பாதங்களை மேலும் கீழுமாக 10 முறை அசைக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 5 நிமிடமேனும் நடக்கட்டும். காலுக்கு இறுக்கமான காலுறையை மருத்துவர் சொன்னால் மட்டுமே அணிய வேண்டும்.

இறங்கும்போது அவசரம் கூடாது. நீண்ட நேரம் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரிடும். கதவைத் திறந்து, இரு கால்களையும் தரையில் ஊன்றி, ஓரிரு நிமிடம் அமர்ந்த பின் எழச் செய்யுங்கள். ஊன்றுகோல் டிக்கியில் இருக்கக் கூடாது. இறங்கும் கணத்தில்தான் அது முதலில் தேவைப்படும். எவ்வளவு குறுகிய நேரமாயினும், பூட்டிய வண்டிக்குள் முதியவரைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

மலைப்பாதை

கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் மட்டும் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதைகளில் வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் முன் இருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையைச் செலுத்துவதும், ஏறுவதற்கு முன் மிதமாக உண்பதும், சற்று வெளிக்காற்று வரும்படி கண்ணாடியை இறக்கிவைப்பதும் பயன் தரும். வாந்தியைத் தடுக்கக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவும் முதியவர்களுக்குக் குழப்பம், மிகுந்த தூக்கம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கக் கூடியவை. புராஸ்டேட் வீக்கம், கண் நீர் அழுத்தம், மறதி நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ளவே கூடாது.

தங்குமிடத்தில் முதல் இரவு

பழக்கமில்லாத இடத்தில் நள்ளிரவில் கழிப்பறை தேடிச் செல்லும்போதுதான் முதியவர்கள் விழுகின்றனர். தரைத்தளத்தில், கழிப்பறை இணைந்த அறையைக் கேளுங்கள். இருட்டும் முன்பே கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் அங்கிருந்து கட்டிலுக்கும் ஒருமுறை உடன் நடந்து காட்டுங்கள். தலையணை அருகே சிறு டார்ச் விளக்கு வையுங்கள். கழிப்பறை விளக்கை எரியவிடுங்கள். குளியலறைத் தரையைத் துடைத்து, சறுக்காத ரப்பர் செருப்பை அணியச் செய்யுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இடம் மாறுவதே குழப்பத்தைக் கூட்டும். அவர் வீட்டில் பயன்படுத்தும் போர்வையையும் தலையணையையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சட்டைப் பையில் பெயரும் குடும்பத்தாரின் இரண்டு கைப்பேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். வண்டிக் கதவு உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். கோயில் கூட்டத்தில் அவரது கையைப் பிடித்துச் செல்லும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில்தான் முதியவர் தொலைந்துபோகிறார்.

ஒரு பயணத்திட்டம்: சென்னை முதல் திருநெல்வேலி வரை

இவ்வழி 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. நாற்கரச் சாலை என்பதால் இளையவர்கள் ஒரே நாளில் கடந்துவிடுகின்றனர். நாட்பட்ட நோயுள்ள முதியோர் உடன் வந்தால், ஏறத்தாழப் பாதித் தொலைவில் உள்ள திருச்சிராப்பள்ளியில் ஓர் இரவு தங்குவது நன்று. காலை 5.30 மணிக்குப் புறப்பட்டால், 7.30 மணியளவில் திண்டிவனம் பகுதியில் காலை உணவும் மாத்திரையும். பின்னர் உளுந்தூர்பேட்டையிலும் பெரம்பலூரிலும் நின்று நடை, கழிப்பறை, தண்ணீர். மதிய உணவுக்குத் திருச்சியை அடைந்துவிட்டால், உச்சிவெயிலில் ஓய்வும் கிடைக்கும். மறுநாள் காலை புறப்பட்டு மதுரையில் ஒரு நீண்ட ஓய்வுடன் திருநெல்வேலி சென்று சேரலாம். இவ்வழியில் செங்கல்பட்டு, முண்டியம்பாக்கம், திருச்சி, மதுரை, விருதுநகர், திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. உங்கள் வழி எதுவாயினும், இவ்வாறே நிறுத்தங்களையும் மருத்துவமனைகளையும் மாத்திரை வேளைகளையும் ஒரே தாளில் எழுதி ஓட்டுநர் அருகே வையுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி. வியர்வையுடன் மூச்சுத் திணறல். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி இல்லாமல் சோர்வும் மூச்சுத் திணறலும் மட்டும் தோன்றலாம். வாயுத் தொல்லை என்று எண்ணிப் பயணத்தைத் தொடர வேண்டாம்.
• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குழறுதல். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் மாத்திரையோ உணவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள்.
• வெயிலில் இருந்த பின் உடல் கொதித்தல், குழப்பம், மயக்கம். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள்.
• ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதனுடன் திடீர் மூச்சுத் திணறல் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.
• விழுந்து தலையில் அடிபடுதல். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின், வெளிக்காயம் இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நெடுஞ்சாலையில் நின்று அழைக்கும்போது எந்த ஊரை நோக்கிச் செல்கிறீர்கள், கடைசியாகக் கடந்த ஊர் எது, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் உள்ள எண் என்ன என்ற மூன்றையும் சொல்லுங்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது தெரியாமல் போனால் ஆம்புலன்ஸ் வெகுதூரம் சுற்றி வர நேரிடும்.

சாலை விபத்து நேர்ந்தால், 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டுக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் வரையறுக்கப்பட்ட சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன.

கைப்பேசியில் சேமித்துவைக்க வேண்டிய எண்கள்

• 108 – அவசர ஆம்புலன்ஸ்
• 104 – மருத்துவ ஆலோசனை
• 1033 – தேசிய நெடுஞ்சாலை உதவி
• 14567 – முதியோர் உதவி எண்

புறப்படும் காலையில் சரிபார்க்க

1. அன்றைய காலை மாத்திரை போட்டாயிற்றா, அல்லது எந்த நிறுத்தத்தில் போட வேண்டும்?
2. ஒவ்வொரு முதியவரின் கைப்பையும் அவர் இருக்கை அருகில் உள்ளதா?
3. இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டதா?
4. கண்ணாடி, பல்செட், காது கருவி, ஊன்றுகோல் கையில் உள்ளனவா?
5. தண்ணீரும் சர்க்கரையும் எட்டும் இடத்தில் உள்ளனவா?
6. மாற்று உடை வண்டிக்குள் உள்ளதா?
7. முதல் நிறுத்தம் எங்கே, எத்தனை மணிக்கு?

ஏழாவது கேள்விக்கான பதிலை முதியவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வண்டி எப்போது நிற்கும் என்பது தெரிந்துவிட்டால், அவர் தயங்காமல் தண்ணீர் குடிப்பார்.